சாயங்காலம் கிழக்குல, கடல் பக்கம் சூரியக் கதிர் விரியுமா? பார்த்தவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க

கடுவையாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நேரா கேள்விக்கு வந்துர்றேன். சூரியன் மேற்குல இறங்குற நேரத்துல அதுக்கு நேர் எதிர்ல, கிழக்குல, கதிர் விரிஞ்சு தெரியுமா?

நான் நாகப்பட்டினம். ஆகஸ்ட் கடைசியில ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பீச்சுல இருந்தோம், சூரியன் முதுகுக்குப் பின்னாடி ஊர்ப்பக்கம் இறங்கிக்கிட்டு இருக்கு, முன்னாடி கடல். அந்தக் கடலுக்கு அடியில இருந்து யாரோ லைட் அடிக்கிற மாதிரி மூணு நாலு பட்டை, லேசான ரோஸ் கலர்ல, நடுவுல நடுவுல நீலக் கருப்புப் பட்டை, எல்லாம் மேல வர வர விரியுது. ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கும். காலையில சூரியன் உதிக்கிறப்ப இப்படி பார்த்திருக்கேன், அது சரி, சூரியன் அங்க இருக்கு. ஆனா சாயங்காலம் அந்தப் பக்கம் சூரியனே இல்லையே?

பக்கத்துல நின்ன ஒரு பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. மீன் ஏலத்துக்கு வர்ற ஒரு தாத்தா இது காத்துக்கு அறிகுறின்னாரு. என் அத்தை பையன் போட்டோவைப் பார்த்துட்டு எடிட் பண்ணினதுன்னு சாதிக்கிறான். எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, இது என்ன, எப்படி வருது. ரெண்டாவது, இந்தக் கதிரைப் பார்த்தா மனுசனுக்கு ஏன் இவ்வளவு தோணுது, ஒவ்வொரு ஊர்லயும் இதுக்கு என்ன அர்த்தம் வச்சிருக்காங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல.

---

பாளை_இயற்பியல் எழுதியது:

அம்மா, நீங்க பார்த்தது நிஜம்தான், உங்க அத்தை பையன்கிட்ட தைரியமா சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல முப்பது வருஷத்துக்கு மேல இயற்பியல் நடத்தினவன் நான், பிள்ளைங்களுக்கு காட்டணும்னு ஆசைப்பட்டு கிடைக்காம போன காட்சிகள்ல இது முக்கியமானது. இங்கிலீஷ்ல ஆண்ட்டிக்ரெபஸ்குலர் ரேஸ்ம்பாங்க, தமிழ்ல எதிர் அந்திக் கதிர்னு வச்சுக்கலாம்.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும், அந்தக் கதிர் எதுவும் விரியவே இல்ல. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அங்க இருந்து நம்ம ஊருக்கு வர்ற வெளிச்சம் எல்லாம் ஏறக்குறைய இணைகோடாத்தான் வருது. விண்வெளி நிலையத்துல இருந்து எடுத்த படங்கள்ல மேகத்தோட நிழல் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இணையா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுறது தெளிவா தெரியும். கீழ நிக்கிற நமக்குத்தான் விசிறி. நீளமான நேர் தண்டவாளம் இருக்கிற ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரம் நடுவுல நில்லுங்க. இந்தப் பக்கம் பார்த்தா ரெண்டு தண்டவாளமும் தூரத்துல ஒண்ணா சேர்றது தெரியும், அப்படியே திரும்பி அந்தப் பக்கம் பாருங்க, அங்கயும் சேரும், உங்க காலுக்கு நேரா மட்டும் அகலமா இருக்கும். வானத்துலயும் இதே கதைதான். மேற்குல சூரியன்கிட்ட ஒரு புள்ளியில இருந்து கிளம்புற மாதிரி தெரியுற பட்டை, உங்க தலைக்கு மேல ரொம்ப அகலமாகி மங்கலா கடந்து போய், கிழக்குல சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியில மறுபடி குவியுற மாதிரி தெரியும். சூரியன் அடிவானத்துக்கு மேல கொஞ்சம் இருந்தா எதிர்ப்புள்ளி அடிவானத்துக்குக் கீழ அதே அளவு இருக்கும், அதனாலதான் உங்களுக்கு கடலுக்கு அடியில இருந்து வர்ற மாதிரி தோணிருக்கு. கவனிச்சது ரொம்ப சரியான கவனிப்பு.

அடுத்து அந்த நீலக் கருப்புப் பட்டை. எல்லாரும் வெளிச்சப் பட்டையைத்தான் பேசுவாங்க, எனக்கு அந்த இருட்டுப் பட்டைதான் பெருசு. அது மேகத்தோட நிழல். வானம் முழுக்க ஒரே வெளிச்சமா இருந்தா ஒரு கதிரும் தெரியாது, நடுவுல ஒரு மேகம் மறைச்சு காத்துலயே நிழல் விழுந்தாத்தான் பக்கத்துல இருக்கிற வெளிச்சத்துக்கு ஒரு ஓரம் கிடைக்குது, அந்த ஓரத்தைத்தான் நாம கதிர்னு சொல்றோம். அதோட காத்துல தூசியோ உப்புத்துளியோ ஈரமோ கொஞ்சம் வேணும், வெளிச்சம் அதுல பட்டுச் சிதறி நம்ம கண்ணுக்கு வரணும்ல, வெற்றிடத்துல பக்கவாட்டுல போற வெளிச்சம் யாருக்கும் தெரியாது. ரோஸ் கலருக்குக் காரணம், அடிவானத்துல இருக்கிற சூரியனோட வெளிச்சம், உச்சியில இருந்து வர்றதை விட ஏறக்குறைய 38 மடங்கு காத்தைக் கடந்து வருது, நீலம் எல்லாம் வழியிலயே சிதறிப் போயிருது.

இப்ப நான் ரொம்ப ரசிக்கிற இடம். அந்த நிழலைப் போட்ட மேகம் எங்க இருந்ததுன்னு நினைக்கிறீங்க? உங்க தலைக்கு மேல இருக்கணும்னு அவசியமே இல்ல. ஒரு பெரிய இடி மேகத்தோட உச்சி 15 கிலோமீட்டர் உயரம் போகும், அவ்வளவு உயரத்துல இருக்கிறது 400 கிலோமீட்டருக்கு அப்பால இருந்தும் உங்க அடிவானத்துக்கு மேல எட்டிப் பார்க்கும். ஆகஸ்ட் கடைசியில நாகையில சூரியன் மேற்குக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளி மறையும், அந்தக் கோட்டுல நேரா போனா திருச்சி, கரூர், திருப்பூர் பக்கம், அதைத் தாண்டி நீலகிரி. அங்க எங்கயோ சாயங்காலம் கட்டின ஒரு இடி மேகம்தான் உங்க ஊர்க் கடல் மேல நிழல் போட்டிருக்கு.

சின்ன மேகத்தால இது முடியாது. சூரியன் ஒரு புள்ளி இல்ல, வானத்துல அரை டிகிரி அகலம் இருக்கு, அதனால நிழலோட ஓரம் 100 மீட்டருக்கு சுமார் 1 மீட்டர்ங்கிற கணக்குல மங்கிக்கிட்டே போகும். ஒரு கிலோமீட்டர் அகலமான மேகத்தோட முழு நிழல் நூறு கிலோமீட்டர் சொச்சத்துல தீர்ந்துரும். திருச்சிக்கு அப்பால இருந்து நாகை வரைக்கும் வந்து அதுக்கு மேலயும் கடல் மேல போகுதுன்னா அது பெரிய மேகத்தோட நிழல்தான்.

தாத்தா சொன்ன காத்து விஷயம், கதிரை மட்டும் வச்சு சொல்ல முடியாது, ஆனா மேற்கே தூரத்துல பெரிய மேகம் இருக்குன்னு அது பெரும்பாலும் சொல்லுது. ராத்திரி அந்த மேகம் கரைப்பக்கம் நகர்ந்து வந்தா காத்தும் மழையும் வரும். அவரு அனுபவத்துல பார்த்தது அதுவா இருக்கலாம், அவர்கிட்ட இன்னும் கேளுங்க.

---

மீனாட்சி_பெங்களூரு எழுதியது:

சார் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன், நிழல் இருந்தாத்தான் கதிர்னு சொன்னீங்க பாருங்க, எங்க ஊர்க் கோயில்ல அதை அப்படியே கண்ணால பார்க்கலாம்.

பெங்களூர்ல கவிபுரத்துல கவி கங்காதரேஸ்வரர் கோயில், குகைக் கோயில், உள்ள எப்பவும் இருட்டா இருக்கும். மகர சங்கராந்தி அன்னிக்கு, அதான் நம்ம பொங்கல், சாயங்காலம் வெயில் வெளிய இருக்கிற ஜன்னல் வழியா நுழைஞ்சு நந்தியோட ரெண்டு கொம்புக்கு நடுவால போய் லிங்கத்து மேல விழும். கூட்டம்னா கூட்டம், உள்ள நிக்க இடம் கிடைக்காது, வெளிய பெரிய திரை கட்டி காட்டுவாங்க. அர்ச்சகர் பால் அபிஷேகம் பண்ணிக்கிட்டே இருப்பாரு, வெளிச்சம் மெதுவா கீழ இருந்து மேல ஏறும், அந்தக் கொஞ்ச நிமிஷம் அங்க ஒரு சத்தம் இருக்காது, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து பார்க்கிறேன், இன்னமும் உடம்பு சிலிர்க்குது.

ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் பக்கத்துல அரசவல்லி சூரியநாராயண சுவாமி கோயில்ல மார்ச்லயும் அக்டோபர் ஆரம்பத்துலயும் காலை வெயில் நேரா மூலவர் பாதத்துல விழும். கோலாப்பூர் மகாலட்சுமி கோயில்ல கிரணோற்சவம்னு ஜனவரி கடைசியிலயும் நவம்பர்லயும் கொண்டாடுறாங்க, முதல் நாள் பாதம், அடுத்த நாள் மார்பு, அப்புறம் முகம்னு அஸ்தமன வெயில் மேல ஏறும். நம்ம தமிழ்நாட்டுலயும் பல சிவன் கோயில்ல சூரிய பூஜைன்னு வருஷத்துல சில நாள் உண்டு, எங்க அம்மா ஊர்ல கூட உண்டு. பக்தியோட பார்க்கிறவங்களுக்கு இது சூரியனே வந்து பூஜை பண்றது. கட்டினவங்க எத்தனை வருஷம் நிழலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு அவங்க மேலயும் அதே பக்திதான் வருது.

ஒரு சந்தேகம் சார், எல்லா இடத்துலயும் வருஷத்துக்கு ரெண்டு தடவைங்கிறாங்களே, அது ஏன்?

---

பாளை_இயற்பியல் எழுதியது:

மீனாட்சி அம்மா, நல்ல கேள்வி. சூரியன் ஆறு மாசம் வடக்கே போகுது, ஆறு மாசம் தெற்கே வருது. போறப்ப எந்த இடத்தைக் கடக்குதோ அதே இடத்தைத் திரும்பி வர்றப்பவும் கடந்துதானே ஆகணும். ஜூன் 21, டிசம்பர் 21 வாக்குல திரும்புற அந்த ரெண்டு நாள் தவிர மத்த எல்லா நாளுக்கும் ஒரு ஜோடி நாள் உண்டு. உங்க கவிபுரத்துலயும் அப்படித்தான், ஜனவரி நடுவுல விழுற அதே வெளிச்சம் நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாக்குலயும் லிங்கத்து மேல விழும், அன்னிக்கு பண்டிகை இல்லாததால யாரும் போறதில்ல. நவம்பர் கடைசியில ஒரு சாயங்காலம் வானம் தெளிவா இருந்தா போய்ப் பாருங்க, கூட்டமே இருக்காது.

---

சுவடி எழுதியது:

வரலாறு படிக்கிற பொண்ணு நான், எகிப்துல இருந்து ரெண்டு விஷயம் சொல்லணும்.

அபு சிம்பெல்னு, ரெண்டாம் ராம்செஸ் ராஜா குடைஞ்ச மலைக்கோயில். கருவறை வாசல்ல இருந்து 60 மீட்டருக்கு மேல உள்ள இருக்கு, பிப்ரவரி 22, அக்டோபர் 22 காலையில வெயில் அவ்வளவு தூரம் போய் உள்ள உட்கார்ந்திருக்கிற சிலைகள் மேல விழுது. சார் சொன்ன ஜோடி நாள் கணக்கு இதுக்கும் அப்படியே பொருந்துது பாருங்க, டிசம்பர் 21க்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ரெண்டு மாசம். உள்ள மொத்தம் நாலு சிலை, மூணு தெய்வமும் ராஜாவும். அமூன், ராம்செஸ், ரா-ஹொராக்தி மூணு பேர் மேலயும் வெளிச்சம் விழுது, நாலாவதா இருக்கிற ப்தா மட்டும் இருட்டுலயே இருக்காரு. அவருக்கு பாதாள உலகத்தோட சம்பந்தம் உண்டு, அதனாலன்னு சொல்லுவாங்க. அஸ்வான் அணை கட்டுறப்ப தண்ணியில மூழ்கிடும்னு 1964ல இருந்து 1968 வரைக்கும் அந்தக் கோயிலையே துண்டு துண்டா அறுத்து 65 மீட்டர் மேல தூக்கி வச்சாங்க, வெளிச்சம் விழுற திசை மாறிடக் கூடாதுன்னு அவ்வளவு பார்த்துப் பார்த்து வச்சிருக்காங்க.

ரெண்டாவது அதுக்கும் முன்னாடி, கி.மு. 14ஆம் நூற்றாண்டு, அக்நாதென் ராஜா. மத்த தெய்வத்தை எல்லாம் ஒதுக்கிட்டு ஆத்தென்ங்கிற சூரிய வட்டத்தை மட்டும் கும்பிடணும்னு கொண்டு வந்தாரு. அந்தக் காலத்துச் சிற்பங்கள்ல சூரியனுக்கு முகமே இல்ல, ஒரு வட்டம், அதுல இருந்து கீழ இறங்குற கதிர்கள், ஒவ்வொரு கதிர் முனையிலயும் ஒரு சின்ன கை. அந்தக் கை உயிருக்கு அடையாளமான அங்க் சின்னத்தை ராஜாவோட மூக்குக்கிட்டயும் ராணி நெஃபர்டிட்டி மூக்குக்கிட்டயும் நீட்டும். முதல்ல படத்துல பார்த்தப்ப எனக்கு அழுகை வந்துருச்சு, சூரிய வெளிச்சம் உடம்புல படுறது ஒரு கை தொடுறதுதான்னு மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் செதுக்கியிருக்காரே. ஆனா திரும்பத் திரும்பப் பார்த்தா இன்னொண்ணும் தெரியுது, அந்தக் கை உயிரை ராஜா குடும்பத்துக்குத்தான் குடுக்குது. சுத்தி நிக்கிற வேலைக்காரங்க, ஜனங்க கிட்ட கதிர் போகுது, உயிர் சின்னம் போகல. வெயில் எல்லாருக்கும் பொதுன்னு நாம நினைக்கிறோம், அந்தச் செதுக்கலைச் செய்யச் சொன்னவங்க அப்படி நினைக்கல.

---

உப்புக்காத்து எழுதியது:

தங்கச்சி சொன்ன கடைசி வரிக்காகத்தான் எழுத வந்தேன். நான் வேதாரண்யம் பக்கம், அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 30ல ராஜாஜி உப்பு அள்ளினாரே அந்த ஊரு, அந்த அளம்தான். எங்க வீட்டுல மூணு தலைமுறை உப்பு வேலை.

எங்களுக்கு சூரியக் கதிர்னா கூலி. பொங்கலுக்கு அப்புறம் பாத்தி சரி பண்ணி தண்ணி கட்டுவோம், சித்திரை வைகாசி வெயில் ஏற ஏற உப்பு பூக்கும், வெயில் இல்லன்னா உப்பு இல்ல, உப்பு இல்லன்னா வேலை இல்ல. கோடையில ஒரு நல்ல மழை பேஞ்சுதுன்னா பாத்தியில இருக்கிறது எல்லாம் கரைஞ்சு போயி திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அன்னிக்கு ஊருக்கே வெயில் தணிஞ்ச சந்தோசம், எங்க வீட்டுல அடுப்புக்குக் கவலை. அதனால வெயில் வேண்டாம்னு எங்களால சொல்ல முடியாது, அது அடிக்கணும், நல்லா அடிக்கணும்.

ஆனா அதே வெயில்தான் எங்க கண்ணையும் எடுக்குது. வெளிய இருக்கிறவங்களுக்கு மேல இருந்து வர்ற வெயில் மட்டும்தான், தலையில துண்டு கட்டினா ஆச்சு. எங்களுக்கு கீழ இருந்தும் வருது. தண்ணியிலயும் வெள்ளை உப்புலயும் பட்டு நேரா முகத்துல அடிக்கும், தொப்பி போட்டாலும் துண்டு போட்டாலும் அதுக்கு மறைப்பு இல்ல. அதுக்காகவே விடியறதுக்கு முன்னாடி இருட்டுலயே டார்ச் வச்சுக்கிட்டு வாரப் போயிருவாங்க, எட்டு ஒன்பது மணிக்குள்ள முடிச்சுட்டு ஏறணும்னு பார்ப்பாங்க, எல்லா நாளும் முடியாது. எங்க அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் மூக்குப் பக்கத்துல இருந்து சதை வளர்ந்து ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. எங்க தெருவுல அந்த வயசுல பாதிப் பேருக்கு கண்ணு சிவந்தே இருக்கும். வேலைக்கு எடுத்தவங்க கண்ணாடி தர்றேன்னு சொன்னாங்க, வரல.

கடுவையாறு தங்கச்சி, நீங்க பார்த்த அந்தக் கதிரை நானும் பார்த்திருக்கேன், அளத்துல தண்ணி நிக்கிறப்ப வானத்துல இருக்கிறது பாத்தியிலயும் தெரியும், மேலயும் விசிறி கீழயும் விசிறி. அழகுதான், இல்லன்னு சொல்லல. எங்க அம்மா அதைப் பார்த்தா நாளைக்கு மேகம் கட்டுமோன்னு தான் முதல்ல கேக்கும். அர்த்தம் கேட்டீங்களே, அதுக்குத்தான் எழுதினேன்.

---

கடுவையாறு எழுதியது:

அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுப் பக்கம் கருவாடு காயப் போடுற அக்காமாரும் இதேதான், வெயில் இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்கக் கூடாதான்னு சொல்லுவாங்க, மதியம் தலை சுத்துதுன்னும் சொல்லுவாங்க.

அதுல ஞாபகம் வருது, ஹவாய் தீவுல ஒரு பழைய கதை உண்டு. மௌயிங்கிறவனோட அம்மா ஹினா மரப்பட்டையில செய்யற கப்பா துணியைக் காயப் போடுவாளாம், சூரியன் அவசரமா ஓடிப் போறதால துணி காயவே மாட்டேங்குதாம். மகன் ஹலேயகலா எரிமலை உச்சிக்குப் போய் ஒளிஞ்சிருந்து சூரியனோட கதிர்களைக் கயிறு போட்டுப் பிடிச்சு, மெதுவாப் போறேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு விட்டானாம். நியூசிலாந்து மாவோரி ஜனங்க கிட்டயும் இந்தக் கதை இருக்கு, மேகத்துக்கு நடுவால கதிர் இறங்குறதைப் பார்த்தா அது மௌயி கட்டின கயிறுன்னு சொல்லுவாங்க. காயப் போட்ட அம்மாவுக்காக மகன் சூரியனையே கட்டினான்னு ஒரு கதை, எனக்கு அதை விடப் பிடிச்ச அர்த்தம் இதுவரைக்கும் கிடைக்கல.

---

மரியின்மகள் எழுதியது:

நாகைன்னதும் ஓடி வந்தேன், நான் வேளாங்கண்ணி. எங்க கோயில்ல நற்கருணை ஆராதனைக்கு பீடத்துல கதிர்ப்பாத்திரம் எடுத்து வைப்பாங்க. நடுவுல வெள்ளை அப்பம், சுத்தி தங்க நிறத்துல சூரியக் கதிர் மாதிரி நாலாப் பக்கமும் பிரியும். அந்த வடிவம் ஐரோப்பாவுல பரோக் காலத்துல, அதாவது 17ஆம் நூற்றாண்டு வாக்குல பெருசா பரவினது. கிறிஸ்துவை நீதியின் சூரியன்னு சொல்ற வழக்கம் உண்டு, அதுல இருந்து வந்தது. சின்ன வயசுல முட்டி போட்டு அதைப் பார்த்துக்கிட்டு இருப்பேன், மெழுகுவர்த்தி ஆடுறப்ப ஒவ்வொரு கதிரும் மின்னி மின்னி அணையும்.

அதே மாதிரி, ரோம்ல ஒரு சின்ன கோயில்ல பெர்னினிங்கிற சிற்பி செஞ்ச புனித தெரேசா சிலைக்கு மேல தங்க முலாம் பூசின கம்பிகளைக் கதிரா இறக்கி வச்சு, அதுக்கு மேல யார் கண்ணுக்கும் தெரியாம ஒரு ஜன்னல் வச்சிருக்காரு. நிஜ வெளிச்சம் அந்தப் பொய்க் கம்பி வழியா வழியும். பெங்களூர் அக்கா சொன்ன குகைக் கோயிலுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம், ஆனா கட்டினவங்க மனசு ஒண்ணாத்தான் இருந்திருக்கு.

---

கிள்ளான்_தமிழன் எழுதியது:

வணக்கம், மலேசியாவுல இருந்து எழுதுறேன். எல்லாரும் அழகா எழுதியிருக்கீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லப் போறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க தாத்தா தோட்டத்துல ரப்பர் பால் வெட்டினவரு. 1942ல ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சப்ப வந்த ராணுவக் கொடியில நடுவுல செம்சூரியன், அதுல இருந்து பதினாறு சிவப்புக் கதிர் கொடி ஓரம் வரைக்கும் விரியும். அடுத்து சயாம் மரண ரயில் வந்துச்சு. சயாமையும் (இப்ப தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்கள்ல இருந்து பல்லாயிரம் தமிழ் ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்க, கூலி தர்றேன்னு சொல்லியும் கொண்டு போனாங்க, பிடிச்சுக்கிட்டும் போனாங்க. காலரா, மலேரியா, பசி, அடி. ஏராளமானவங்க திரும்பல, புதைச்ச இடம் கூடத் தெரியாது. வெள்ளைக்கார போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்துல காஞ்சனபுரியில வரிசையா பேர் எழுதின கல்லறை இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு அப்படி வரிசை இல்ல.

தாத்தாவோட அண்ணன் போனவரு வரல. தாத்தா கடைசி வரைக்கும் அந்தக் கதிர்க் கொடியை எங்க பார்த்தாலும், டிவியில வந்தாலும் எழுந்து உள்ள போயிருவாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கொரியாக்காரங்களுக்கும் சீனாக்காரங்களுக்கும் இதே வலி இருக்கு. ஜப்பான் கடற்படை இன்னமும் அந்தக் கொடியைத்தான் பறக்க விடுது, 2018ல தென்கொரியாவுல ஜெஜு தீவுல நடந்த கப்பல் அணிவகுப்புக்கு அந்தக் கொடி வேண்டாம்னு அவங்க கேட்டதுக்கு ஜப்பான் கப்பலையே அனுப்பாம விட்டுட்டாங்க. அந்த நாட்டுல பல பேருக்கு அது நல்ல மீன்பாடு, திருவிழா, அதிர்ஷ்டம்னு பழைய அடையாளம்னும் சொல்றாங்க, இருக்கலாம், அவங்க வீட்டுல அப்படி இருந்திருக்கும். எங்க வீட்டுல அப்படி இல்ல.

மத்த நாட்டுக் கொடியிலயும் கதிர் இருக்கு. பிலிப்பைன்ஸ் கொடியில எட்டுக் கதிர், ஸ்பெயினை எதிர்த்து எழுந்த எட்டு மாகாணம். அர்ஜென்டினா கொடியில முப்பத்திரண்டு, ஒண்ணு நேரா ஒண்ணு நெளிவா மாறி மாறி வரும். அங்க எல்லாம் அது விடுதலை. வடிவம் ஒண்ணுதான், அது யார் தலை மேல வந்து நின்னுச்சுங்கிறதைப் பொறுத்து எல்லாம் மாறுது.

---

கடுவையாறு எழுதியது:

கிள்ளான் அண்ணா, தப்பா எடுத்துக்க ஒண்ணுமே இல்ல. உங்க தாத்தாவோட அண்ணனைப் பத்தி தெரிஞ்சது எல்லாம் எழுதி வைங்க, தனி இழையாவே போடுங்க, நாங்க படிக்கிறோம்.

பாளை சார், நீங்க சொன்னதை வச்சு ஒரு வேலை செஞ்சேன். போட்டோவுல நேரம் பதிவாகியிருந்தது, அதே நேரத்துக்கு இன்சாட் சாட்டிலைட் படத்தைத் தேடி எடுத்தேன். நாகையில இருந்து மேற்குக்கு லேசா வடக்கே கோடு போட்டா கரூர் தாண்டி வெள்ளையா மூணு பெரிய மேகக் கூட்டம், நடுவுல இடைவெளி. போட்டோவுல இருட்டுப் பட்டையும் மூணுதான்! அத்தை பையன் வாயே திறக்கல. இதை மறுபடி பார்க்கணும்னா எந்த மாசம், எப்படிப் போட்டோ எடுக்கிறது?

---

பாளை_இயற்பியல் எழுதியது:

அம்மாடி, சாட்டிலைட் படம் வரைக்கும் போயிட்டீங்களா, மனசு நிறைஞ்சு போச்சு. வகுப்புல இருந்திருந்தா எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன்.

ஆகஸ்ட், செப்டம்பர்தான் உங்க ஊருக்கு நல்ல காலம், உள் மாவட்டத்துல சாயங்காலம் இடி மேகம் கட்டும், கடல் பக்கம் வானம் திறந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை சமயத்துல கடல் மேல மேகம் இருக்கும், அப்ப கதையைத் திருப்பிப் போடுங்க, விடியக்காலை சூரியனுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஊர்ப்பக்கம் பாருங்க. சூரியன் மறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தொடங்கி மறைஞ்சு கால் மணி நேரம் வரைக்கும் நில்லுங்க. எதிர்க்கதிர் எப்பவும் மங்கலாத்தான் இருக்கும், தூசியில பட்ட வெளிச்சம் முன்பக்கமா சிதறுற அளவுக்குப் பின்பக்கமா சிதறாது, அதனால சூரியன் பக்கம் தெரியுறதுதான் பளிச்சுன்னு இருக்கும். கேமராவுல வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. முடிஞ்சா மேற்குல இருந்து தலைக்கு மேல வழியா கிழக்கு வரைக்கும் பனோரமா எடுங்க, ஒரே பட்டை வானம் முழுக்க ஓடுறது தெரிஞ்சா யாரும் வாதாட முடியாது. மேற்குல சூரியனை நேரா பார்க்காதீங்க.

உப்புக்காத்து தம்பி, உங்க பதிவுக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரல. யாராவது கண் மருத்துவம் தெரிஞ்சவங்க இருந்தா தம்பிக்கு சொல்லுங்க.

---

உப்புக்காத்து எழுதியது:

நன்றி சார். அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். அளத்துல இப்ப சில பசங்க ரோட்டோரம் விக்கிற கருப்புக் கூலிங் கிளாஸ் வாங்கிப் போடுறாங்க, அது போதுமா? கண்ணுக்கு இதமா இருக்குன்னுதான் சொல்றாங்க.

---

மரியின்மகள் எழுதியது:

அண்ணே, நான் நர்ஸ், கண் பிரிவுல வேலை பார்த்திருக்கேன். கருப்பா இருக்கிறது மட்டும் போதாது. கண்ணைக் கெடுக்கிறது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், அந்தச் சதை வளர்றதுக்கும் அதுதான் பெரிய காரணம். வெறும் கருப்புக் கண்ணாடி போட்டா இருட்டுன்னு நினைச்சு கண்ணு பாப்பா விரியும், கண்ணாடி புற ஊதாவைத் தடுக்காட்டி அது இன்னும் அதிகமா உள்ள போகும். யூவி 400ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்கணும், கண்ணாடிக் கடையில மிஷின்ல வச்சு சோதிச்சும் சொல்லுவாங்க. நிறம் லேசா இருந்தாலும் பரவாயில்ல. உங்க வேலைக்குப் பக்கவாட்டும் கீழயும் மூடின மாதிரி, முகத்தோட ஒட்டி வளைஞ்ச பிரேம்தான் சரி, கீழ இருந்து அடிக்குதுன்னு சொன்னீங்கள்ல. அதோட அகலமான விளிம்பு தொப்பி. அம்மாவோட இன்னொரு கண்ணை வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டுங்க, சதை கருவிழிக்கு மேல ஏறுதான்னு அவங்க பார்த்துக்குவாங்க. பசங்களுக்கும் இப்பவே சொல்லுங்க, இருபது வயசுலயே போட ஆரம்பிச்சா பலன் அதிகம்.